உன்னைப் பற்றி விசாரித்த பெண் வீட்டுக்காரர்

கண்ணு,

போன மாதம் உன் விடுதிப் பக்கம் ஒரு பெரியவர் வந்து டீக்கடையிலும் சலூனிலும் வாட்ச்மேனிடமும் உன்னைப் பற்றித் துருவித் துருவி விசாரித்துவிட்டுப் போனார் என்று நீ போனில் சொன்னாய். சத்தியமங்கலத்துப் பெண் வீட்டுக்காரராகத்தான் இருக்கும், மெட்ராஸ் வரைக்குமா வந்து வேவு பார்ப்பார்கள் என்று உன் அம்மாவிடம் கோபித்துக்கொண்டாய். பாவம், அந்த மனுசன் சத்தியமங்கலத்தில் தன் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருக்கிறார். வந்தது நான்தான். எனக்கு ஒரே ஒரு வருத்தம், நீ பெரியவர் என்று சொன்னதுதான். மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு, கரை வேட்டி கட்டி, லாரி புக்கிங் ஆபீஸ் பழனிச்சாமியிடம் தங்கக் கலர் வாட்சை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பெற்ற மகனைப் பற்றியே பெண் வீட்டுக்காரன் வேசம் போட்டுக்கொண்டு விசாரிக்க வந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் பேக்கரியில் போன் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும், பப்ஸ் அலமாரிக்கு மேலே. நான் பேச ஆரம்பித்தால் டீ குடிக்கிற அத்தனை பேரும் டம்ளரை வாயில் வைத்தபடி காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள். ஒளிக்க ஒன்றும் இல்லை, உன் கூட இருக்கிறவர்கள் கேட்டால் சத்தமாகவே படித்துக் காட்டு.

நீ அன்றைக்குப் போன் செய்தபோது அடுப்பிலிருந்து ரொட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்துவிட்டது, டாக்டர் பட்டம் உறுதியாகிவிட்டது என்றாய். மனசு நிறைந்துவிட்டது. அப்புறம் அதே மூச்சில், அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் உன்னைப் போஸ்ட் டாக் ஃபெல்லோவாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்றாய். கடைசியில், "போகட்டுங்களாப்பா? நீங்க வேண்டாம்னா போகலீங்க" என்று கேட்டாய். நான் "பார்க்கலாம்" என்றேன். நம் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கா தெரியாது? கடன் கேட்டு வருகிறவனுக்கும் சம்பந்தம் பேசி வருகிறவனுக்கும் முகம் கோணாமல் இல்லை என்று சொல்ல நாம் வைத்திருக்கிற சொல் அது. நீயும் வேறு எதுவும் கேட்கவில்லை. "சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிங்கப்பா எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபெல்லோ என்கிற சொல் எனக்குப் புதிதில்லை. நான் அறிந்த இங்கிலீஷ் சொற்களில் அதுதான் மூத்தது. இளவயதில் மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற வேலையில் இருந்தபோது, மாஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. யூஸ்லெஸ் ஃபெல்லோ, லேஸி ஃபெல்லோ, இடியட் ஃபெல்லோ, இப்படி முன்னால் இருப்பது மாறும், பின்னால் ஃபெல்லோ மாறாது. அந்தப் பட்டத்தை நான் ஒன்றும் படிக்காமலேயே உள்ளூரில் வாங்கியவன். இத்தனை வருசம் கண் நோகப் படித்த என் மகனை ஒரு வெள்ளைக்காரன் ஃபெல்லோ என்று கூப்பிட, அவன் அதைச் சந்தோசமாகச் சொல்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் போஸ்ட் வேறு. நீ வைத்ததும் கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் தபால் ஆபீஸ் உத்தியோகமா என்றார். பழனிச்சாமி இருக்கிறாரே, லாரிக்காரர்களோடு பம்பாய் வரை போய் வந்ததால் நாலு பாசை தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர், அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். "போஸ்ட்டுன்னா பின்னாடிங்க. போஸ்ட்மார்ட்டம்னா செத்ததுக்குப் பின்னாடி பண்றது. அப்ப போஸ்ட் டாக்டருன்னா, டாக்டரு பாத்து முடிச்சதுக்குப் பின்னாடி வர்ற டாக்டருங்க." டாக்டர் பார்த்து முடித்த பின்னால் இன்னொரு டாக்டருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஜி.எச். பின்கட்டில் இருக்கிற பிணவறைதான் ஞாபகம் வந்திருக்கும். பாதி டீயோடு இரண்டு பேர் எழுந்து போனார்கள். சாயங்காலத்துக்குள் நீ அமெரிக்காவில் பிணம் அறுக்கப் போகிறாய் என்று அவிநாசி முழுக்கப் பேச்சு. உன் அம்மா அன்றைக்குச் சமைத்தாள், சாப்பிடவில்லை.

எனக்குப் பிணத்தைப் பற்றிக் கவலை இல்லை. என் சந்தேகமே வேறு. படித்து முடித்தவன் எதற்கு மறுபடி ஒருத்தரிடம் போய் உட்கார வேண்டும்? முடித்தது நிசமென்றால் வேலைக்கல்லவா கூப்பிட வேண்டும்? பையன் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு நம்மிடம் மறைக்கிறானோ என்று ஒரு நினைப்பு. நம் ரொட்டி மாஸ்டரின் தம்பியை வளைகுடா வேலை என்று பம்பாய் வரை கூட்டிப்போய் ஒரு ஏஜென்ட் நடுத்தெருவில் விட்டானே, அப்படி எவனாவது உன்னைப் பிடித்துவிட்டானோ என்று இன்னொரு நினைப்பு. சத்தியமங்கலத்துப் பெண்ணின் ஜாதகம் பொருந்தி வருகிற நேரம் பார்த்து அமெரிக்கா முளைத்திருக்கிறதே, அங்கே வேறு யாராவது பெண் இருக்கிறாளோ என்று மூன்றாவது. உன்னையே கேட்டிருக்கலாம் என்பாய். கேட்டால் நீ என்ன சொல்வாய்? காய்ச்சலில் கிடந்தபோதும் "எல்லாம் நல்லாத்தானுங்கப்பா இருக்குது" என்று சொன்னவன்தானே நீ.

நான் சந்தேகப் பிராணி என்பது ஊருக்கே தெரியும். நம் பால்காரர் இத்தனை வருசமாக ஊற்றுகிறார், இன்றைக்கும் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானிக் குழாயை விட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டு வாங்குவதில்லை. அவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு நாள் நான் மறந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று, உடம்புக்கு என்னங்க என்று கவலையோடு விசாரித்தார். சின்ன வயதில் நீ மட்டும் என்ன லட்சணம்? தேங்காய் பன்னைப் பிய்த்து ஒரு துண்டை ஜன்னலில், ஒரு துண்டை அடுப்படியில், ஒரு துண்டைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்து எதில் முதலில் பூஞ்சை பிடிக்கிறது என்று பார்த்தாய். நான் எலி என்று நினைத்துப் பொறி வைத்தேன். உன் அத்தை கால் விரல் மாட்டியதுதான் மிச்சம். ஆக, இந்த வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை.

அதனால் நமக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஒரு பையனைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால் நம் ஊரில் என்ன செய்வோம்? பெண் வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அவன் இருக்கிற ஊருக்குப் போய் டீக்கடையில் உட்காருவார்கள். பெற்றவன் வந்து கேட்டால் எவனும் நல்லதைத்தான் சொல்வான். பெண்ணைக் கொடுக்கிறவன் கேட்டால் கொஞ்சம் பாவம் பார்த்து நிசத்தைச் சொல்வான். உன் அம்மாவிடம் கொடுமுடிக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

உங்கள் கேட்டுக்கு எதிர்த்த டீக்கடைக்காரர் உன்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. "கண்ணாடி போட்டவரா, கணக்குக் கரெக்டா இருக்கும், பேச மாட்டாரு" என்றார். சலூன்காரர், உன் தலையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்றார். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன் லேபில் கூட வேலை செய்கிற ஒரு பெண் டீ குடிக்க வருவாள், அவளைக் கேளுங்கள் என்றான். பெண் என்றதும் என் மூன்றாவது சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. கல்பனா வந்தாள். கும்பகோணத்துப் பக்கம் என்றாள். நான் சத்தியமங்கலம், பெண்ணைக் கொடுக்கலாமென்று இருக்கிறோம் என்று ஆரம்பித்து, "ஏனுங் அம்மணி, பையன் எப்படீங்க?" என்று கேட்டேன்.

அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். இதயத்துக்குள் வைக்கிற செயற்கை வால்வுதான் உன் வேலை என்றாள். ஒரு தொட்டியில் உப்புத் தண்ணீர், அதில் அந்த வால்வு ராப்பகலாகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும், எப்போது எங்கே கிழியும் என்று நீ பார்த்துக்கொண்டே இருப்பாய் என்றாள். அது கிழியாமல் ஓடினால் மற்றவர்கள் சந்தோசப்படுவார்களாம், நீ மட்டும் மிசினில் கோளாறு என்று கழற்றிப் பார்ப்பாயாம். லேபில் யார் என்ன முடிவு கொண்டுவந்தாலும் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்வாயாம், அதனால் உனக்கு ஒரு பட்டப்பெயரே இருக்கிறதாம். என்ன பெயர் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள். நானும் விடாமல், வேளைக்குச் சாப்பிடுகிறானா, ராத்திரி தூங்குகிறானா, அந்த இருமல் போய்விட்டதா, தனியாகவே இருக்கிறானா, யாரோடாவது சிரித்துப் பேசுகிறானா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், பொண்ணு வீட்டுக்காரங்க சம்பளம் கேப்பாங்க. சொந்த வீடு இருக்கானு கேப்பாங்க. நீங்க வந்ததுலேருந்து சாப்பிடறாரா, தூங்கறாரான்னே கேக்கறீங்க. நீங்க அவரோட அப்பாதானே?"

வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று டீயை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். "அவரும் இப்படித்தான் பாப்பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். சாமி, அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதையும் நான் கேட்காமலேயே சொல்லிவிட்டாள், என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல. ஆக மூன்றாவது சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. உன் பட்டம் உறுதிதான், நடுவில் ஏஜென்ட் எவனும் இல்லை என்று அவள் சொன்னதில் மற்ற இரண்டும் தீர்ந்தன.

அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் தனியாக ஒரு லேப் நடத்துகிற அளவுக்குத் தேறுவதற்கு முன்னால், வேறொரு பெரிய ஆளிடம் போய் இரண்டொரு வருசம் வேலை செய்வார்களாம். பட்டத்துக்குப் பின்னால் என்பதால் போஸ்ட். ஃபெல்லோ என்றால் திட்டு இல்லையாம், கூட உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் என்று மரியாதையான பதவியாம். ஒரே சொல்லைத் திட்டவும் மரியாதைக்கும் வைத்திருக்கிற பாசையிடம் நீ கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இரு. ஆனால் மற்றது எனக்கு உடனே பிடிபட்டது. நானும் கோயமுத்தூரில் ரொட்டி போடக் கற்று முடித்த பிறகு, சொந்தக் கடை வைக்கும் முன்னால் பாலக்காட்டில் ஒருத்தர் அடுப்பில் வேலை பார்த்தவன்தானே. அப்போது நானும் போஸ்ட் ஏதோ ஒன்று. பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை.

பாலக்காடு என்றதும் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. அங்கே தேங்காய் பிஸ்கட்டுக்குக் கொஞ்சம் சுக்கு சேர்க்கிற யோசனை என்னுடையது. ஓகோவென்று ஓடியது. முதலாளி அதற்குத் தன் மகள் பெயரை வைத்து விற்றார். எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்குக் கேட்டுவிடலாம், நாளைக்குக் கேட்டுவிடலாம் என்று இருந்தே அங்கே நான் தேவைக்கு மேல் தங்கிவிட்டேன். போகும் முன்னால் விசாரிக்காமல் போனேன், போன பின் கேட்கக் கூச்சப்பட்டேன். அதனால் கல்பனாவிடம் கேட்டேன், உன் வேலையில் நீ கண்டுபிடிப்பதற்கு யார் பெயர் போடுவார்கள் என்று. அது அந்தப் பேராசிரியரைப் பொறுத்தது என்றாள். சிலர் செய்தவர் பெயரை முதலில் போடுவார்கள், சிலர் செய்தவரையே மறந்துவிடுவார்கள். வேலையும் ஒரு வருசத்துக்குத்தான், பிடித்திருந்தால் இன்னொரு வருசம் நீட்டிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த ஒருவர் இப்படியே ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு மாறி மாறித் தலை நரைக்கிற வயதிலும் ஃபெல்லோவாகவே இருக்கிறாராம், ஊருக்கு வந்தால் என்ன சொல்வார்களோ என்று வருவதில்லையாம்.

அவ்வளவுதான். உன் மேல் இருந்த சந்தேகம் அத்தனையும் கிளம்பி அந்த அமெரிக்கப் பேராசிரியர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் இன்னொன்றும் சொன்னாள், அதுதான் என்னைக் குத்தியது. "அவர் இன்னும் பதில் எழுதல, அங்கிள். அப்பா பாக்கலாம்னு சொல்லியிருக்காருன்னார். அடுத்த மாசத்துக்குள்ள எழுதலைன்னா அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும்." என் ஒரு சொல்லுக்காக நீ காத்துக்கொண்டிருக்கிறாய், அந்தச் சொல்லுக்கு "இல்லை" என்றுதான் அர்த்தம் என்று தெரிந்தும் காத்துக்கொண்டிருக்கிறாய். எதையும் நம்பாத பயல் அதை மட்டும் நம்பியிருக்கிறாய்.

நான் கிளம்பும்போது நீ ரோட்டைக் கடந்து வந்தாய். கையில் ஏதோ தாள், அதைப் படித்துக்கொண்டே நடந்தாய், ஆட்டோக்காரன் திட்டினான், நீ காதில் வாங்கவில்லை. சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போட்டிருந்தாய். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். கூப்பிட்டிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். என்னப்பா மீசை என்று கேட்டிருப்பாய். அப்புறம் நான் என்ன சொன்னாலும் சரிங்கப்பா என்றிருப்பாய். அந்தச் சரிங்கப்பாவை இன்னொரு தடவை கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் கல்பனாவிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன். நம்மவர்கள் ஒரு குடும்பத்தை எப்படி விசாரிப்பார்கள்? வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்க மாட்டார்கள், அவர்கள் சோறு அங்கேதானே. அங்கே வேலை செய்துவிட்டு விலகிப் போனவரைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். அதே மாதிரி, அந்தப் பேராசிரியரிடம் இருந்துவிட்டு வெளியே போனவர் யாராவது இருந்தால் அவரைக் கேள் அம்மணி, இப்போது இருக்கிறவரைக் கேட்காதே என்றேன். அவள் கம்ப்யூட்டரிலேயே தபால் போடலாம், மறுநாளே பதில் வரும் என்றாள். அதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் சொன்னபடி உன்னிடம் மூச்சு விடாமல் விசாரித்து, பேக்கரிக்கே போன் செய்தாள்.

போனை எடுத்தது உன் அம்மா. மெட்ராஸிலிருந்து வயசுப் பெண் ஒருத்தி, அங்கிள் இருக்கிறாரா என்று கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அதற்கு முன்பே உன் அம்மாவுக்கு என் மேல் ஒரு சந்தேகக் கண். கொடுமுடித் திருநீறு என்று நான் கொடுத்த பொட்டலத்தில் மெட்ராஸ் கோயில் பெயர் அச்சடித்திருந்ததை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள், ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏனுங்க, கொடுமுடிக்கு மீசைக்கு மை போட்டுட்டுப் போனப்பவே நெனைச்சேனுங்க" என்றாள். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. முழுக் கதையையும் அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஈடு பன் கருகிவிட்டது. கேட்டுவிட்டு அவள் அழுதாள், அப்புறம் என்னையும் கூட்டிப்போயிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டாள்.

கல்பனா சொன்னது இது. அங்கே முன்னால் இருந்தவர் ஒரு தெலுங்குக்காரர், இப்போது வேறு ஊரில் சொந்தமாக லேப் வைத்திருக்கிறாராம். பேராசிரியர் சத்தம் போட மாட்டார், செய்தவர் பெயரைத்தான் முதலில் போடுவார், கிளம்புகிறேன் என்றபோது தானே நாலு இடத்தில் சொல்லி வேலை பிடித்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு குறை, யார் என்ன முடிவு காட்டினாலும் நம்ப மாட்டார், மறுபடி செய்யச் சொல்லி உயிரை எடுப்பார். இதைக் குறை என்று சொல்ல அந்த மனுசனுக்கு எப்படி மனசு வந்ததோ. அப்புறம், அந்தக் கட்டடத்தில் குளிர் தாங்காது, மிசின்களுக்காக ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள் என்றும் எழுதியிருந்தாராம்.

சத்தியமங்கலத்துக்கு நேற்று நானே போய் வந்தேன். பையன் போகிறான், வர எத்தனை வருசமாகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உங்கள் பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது நியாயம் இல்லை என்றேன். நல்ல மனுசர், வருத்தத்தை வெளியே காட்டவில்லை. "பையன் திரும்பி வருவாருங்களா?" என்று மட்டும் கேட்டார். "தெரியலீங்க" என்றேன். காபி கொடுத்தார்கள், பால் நல்ல பால். பஸ்ஸில் வரும்போது அந்தத் தெரியலீங்க என்னோடு கூடவே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ அதற்குப் பதில் சொல்ல வேண்டாம், சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

போய்விட்டு வா, கண்ணு. பார்க்கலாம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இன்றைக்கே பதில் எழுதிப் போடு. அந்தப் பேராசிரியர் நல்லவராக இருக்கலாம், இருந்தாலும் வருசா வருசம் அவரை விசாரித்துக்கொண்டே இரு. நல்லவர்களும் வயதானால் மாறுவார்கள், என்னையே பாரேன். உன் பெயர் எங்கே வரும் என்று போன முதல் வாரமே கேட்டுவிடு, நான் பாலக்காட்டில் கூச்சப்பட்டது போல் கூச்சப்படாதே. ஒரு வேளை அங்கே சரிப்படாமல் போனால், நீட்டிக்கவில்லை என்றால், அடுத்த லேப், அதற்கடுத்த லேப் என்று வெட்கத்துக்காக ஓடிக்கொண்டிருக்காதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வா. உன்னைக் கேலி பண்ண நான் ஒருத்தன் போதும், மற்றவர்கள் வாயை நான் அடைத்துக்கொள்கிறேன். சாப்பிடு. தூங்கு. ரோட்டில் படித்துக்கொண்டே நடக்காதே, அங்கே ஆட்டோக்காரன் திட்ட மாட்டான், இடித்துவிட்டுத்தான் நிற்பான்.

ஐஸ் பெட்டி என்று கேட்டதிலிருந்து உன் அம்மா ஸ்வெட்டர், ஸ்வெட்டர் என்று நச்சரித்தாள். அதனால் இன்றைக்குக் காலையில் கோயமுத்தூர் போனேன். டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் வைத்திருந்தார்கள். கழுத்து வரை மூடுகிற மாதிரி, காப்பிக் கொட்டை நிறம். உன் அளவு என் அளவுதானே என்று போட்டுப் பார்த்தேன். போட முடிந்தது. கழற்ற முடியவில்லை. கடைக்காரர் ஒரு கையையும் பக்கத்தில் நின்றவர் மறு கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், காதுக்கு மேல் வரவில்லை. போட்டபடியே பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் காய்ச்சலா என்று கேட்டார், ஆமாம் என்றேன். வீட்டில் உன் அம்மா கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து கீழ் வரை வெட்டி எடுத்தாள். இப்போது அது முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டர். பட்டன் வைக்க டெய்லரிடம் கொடுத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.